செய்தி பார்க்கும் விசுவாசிக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஜெபக்குழுவுக்கு வாராவாரம் செய்திக் குறிப்பு எழுதிக்கொடுக்கும் வேலை சில வருடங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. உலக நடப்பில் ஐந்தாறு செய்திகளை எடுத்து, எதற்காக ஜெபிக்கலாம் என்று ஒரே பக்கத்தில் சொல்ல வேண்டும். அந்த ஒரு பக்கம் கிளப்பிவிட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை. சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். சில இரண்டு வரியிலேயே முடிந்துவிட்டன.

வேதம் வாசிக்கவே நேரம் போதவில்லை. விசுவாசிக்கு உலகச் செய்தி எதற்கு?

நெகேமியா புத்தகம் ஒரு செய்தியில்தான் தொடங்குகிறது. பெர்சியாவின் சூசான் அரமனையில் ராஜாவின் பானபாத்திரக்காரனாக, குறையொன்றும் இல்லாமல் இருந்தவர் அவர். ஊரிலிருந்து ஆனானி வருகிறான். எருசலேமில் மீந்திருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நெகேமியாதான் முதலில் விசாரிக்கிறார். அலங்கம், அதாவது நகரத்து மதில், இடிந்து கிடக்கிறது, வாசல்கள் எரிந்துபோயின என்று பதில் வருகிறது. கேட்டவர் உட்கார்ந்து அழுகிறார், துக்கிக்கிறார், உபவாசிக்கிறார். அது கிஸ்லேயு மாதம். ராஜாவிடம் அவர் வாய் திறந்தது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம். ஒரே ஒரு செய்தியை நான்கு மாதம் சுமந்திருக்கிறார். நாமோ காலையில் பல் துலக்கி முடிப்பதற்குள் நாற்பது செய்தியை விரலால் தள்ளிவிட்டுப் போகிறோம்.

இதற்கு நேர் எதிரான ஒரு கூட்டமும் வேதத்தில் உண்டு. அப்போஸ்தலர் 17-ல் அத்தேனே பட்டணத்தாரைப் பற்றி லூக்கா கொஞ்சம் குறும்பாகவே எழுதுகிறார்: நவமான காரியங்களைச் சொல்லுகிறதிலும் கேட்கிறதிலுமேயொழிய வேறொன்றிலும் அவர்கள் பொழுதுபோக்குகிறதில்லையாம். இன்றைக்கு எழுதியிருந்தால் அலைபேசி என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்.

ஆகவே செய்தி பார்க்கலாமா கூடாதா என்று நான் வாதாடுவதில்லை. கடைசியாக எந்தச் செய்தியை ஒரு வாரமாவது மனதில் வைத்திருந்தீர்கள் என்றுதான் கேட்பேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை என்றால் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

“ஒரு கையில் வேதாகமம், மறு கையில் செய்தித்தாள்” என்கிறார்களே, அது யார் சொன்னது?

சுவிட்சர்லாந்து இறையியலாளர் கார்ல் பார்த் பெயரில் சொல்லப்படுவது. மேடையில் சொல்லும்போது பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 1963-ல் ‘டைம்’ இதழில் வந்த கட்டுரையின்படி, இரண்டையும் எடுத்து வாசியுங்கள், ஆனால் வேதாகமத்திலிருந்து செய்தித்தாளுக்கு விளக்கம் எடுங்கள் என்று இளம் இறையியலாளர்களுக்கு நாற்பது வருடத்துக்கு முன்பு ஆலோசனை சொன்னதாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பின்பாதிதான் முக்கியம். நடைமுறையில் நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். காலையில் தலைப்புச் செய்தியைப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற வசனம் எது என்று வெளிப்படுத்தின விசேஷத்தைப் புரட்டுகிறோம்.

ஓர் ஊரில் பேரழிவு வந்தால், அது தேவனுடைய நியாயத்தீர்ப்பு என்று சொல்லலாமா?

இந்தக் கேள்விக்கு இயேசுவே பதில் சொல்லியிருக்கிறார். சுவிசேஷங்களில், ‘இன்றைய செய்தி’யை அவரிடம் நேரடியாகக் கொண்டுவந்து போட்ட இடம் லூக்கா 13-தான். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றான், அவர்கள் இரத்தம் பலிகளின் இரத்தத்தோடே கலந்துபோயிற்று என்று சிலர் வந்து சொல்கிறார்கள். அது அரசாங்கம் செய்த கொலை. அதற்குப் பதிலாக அவரே இன்னொரு செய்தியை எடுத்துவைக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அது விபத்து. இரண்டுக்கும் ஒரே கேள்வி: செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களோ? “அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.” அதோடு விடவில்லை, நீங்கள் மனந்திரும்பாமற்போனால் என்று விரலைக் கேட்டவர்கள் பக்கமே திருப்புகிறார்.

அடுத்த வசனத்திலேயே கனி கொடாத அத்திமரத்தின் உவமை வருகிறது. “இது இந்த வருஷமும் இருக்கட்டும்” என்று தோட்டக்காரன் கெஞ்சுகிற கதை. செய்தியையும் இந்த உவமையையும் சேர்த்து வாசித்தால், உயிரோடு மிஞ்சியிருக்கிறவர்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு வருட அவகாசம் என்பது புரியும். செத்தவர்களுக்குத் தீர்ப்பு எழுத நமக்கு அதிகாரம் கிடைத்துவிடவில்லை.

2010 ஜனவரி 12-ல் ஹைட்டியில் பூகம்பம் வந்தது. மறுநாளே அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சன், அந்த மக்களின் முன்னோர் பிசாசோடு ஒப்பந்தம் செய்தவர்கள் என்று நிகழ்ச்சியில் பேசினார். அந்தப் பூகம்பத்தில் போர்ட்-ஓ-பிரின்ஸ் பேராலயம் இடிந்தது. அந்த நகரத்தின் பேராயர் ஜோசப் செர்ஜ் மியோவும் அதே நாளில் இறந்துபோனார். அவர் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாராம்? 1755-ல் லிஸ்பன் நகரத்தைப் பூகம்பம் தாக்கியது நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள். ஆராதனைக்குக் கூடியிருந்தவர்கள்மேல் ஆலயங்கள் இடிந்து விழுந்தன. தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இந்த இரண்டு நிகழ்வுகளையும் தாண்டித்தான் போக வேண்டும்.

யுத்தம், பூகம்பம், பஞ்சம் எல்லாம் கூடிவிட்டதே. கடைசிக் காலம் என்பதற்கு வேறு அடையாளம் வேண்டுமா?

மத்தேயு 24:6-ஐப் பாதியில் நிறுத்தாமல் வாசியுங்கள். யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள், கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள், “ஆனாலும், முடிவு உடனே வராது.” கலங்காதிருங்கள் என்று சொல்லத் தந்த வசனத்தை எடுத்து ஜனங்களைக் கலங்கடிக்கிறோம். இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

பூகம்பத்தை எண்ணிக்கையில் பார்ப்போம். 7-க்கு மேற்பட்ட அளவுள்ள பூகம்பங்கள் உலகம் முழுவதும் சராசரியாக வருடத்துக்குப் பதினாறு வரை வருகின்றன. சில வருடம் கூடும், சில வருடம் குறையும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் நீண்டகாலப் பதிவுகளை வைத்துச் சொல்கிற கணக்கு இது. கூடியிருப்பது அதிர்வைப் பதிவு செய்யும் கருவிகளும், அதை நொடியில் நம் கைக்குக் கொண்டுவரும் வசதியும்தான். முன்பு யாருமே அறியாமல் போயிருக்கக்கூடிய ஒரு கடலடி அதிர்வு இன்றைக்கு ஒலியெழுப்பி நம்மைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது.

தேதி குறித்தவர்களின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் கிறிஸ்து வரும் நாள் 1844 அக்டோபர் 22 என்று காத்திருந்தார்கள். விடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. ‘பெரும் ஏமாற்றம்’ என்றே அந்த நாளுக்குச் சரித்திரத்தில் பெயர். அமெரிக்க வானொலிப் போதகர் ஹரோல்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்று தள்ளிவைத்தார். அதுவும் பொய்த்தது. 2012-ல், தேதி குறித்தது தவறு, பாவம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலுக்காக அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. தேதி குறித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த தேதிக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம்.

கிறிஸ்துவின் வருகையை நான் நம்புகிறேன், எதிர்பார்க்கிறேன். அது வேறு. எந்த நாட்டு அதிபர் அந்திக்கிறிஸ்து என்று தினசரி மாற்றிக்கொண்டிருப்பது வேறு.

“அவசர ஜெப விண்ணப்பம்” என்று வரும் செய்திகளை எப்படி எடுத்துக்கொள்வது?

முதலில் என் கதை. ஒருநாள் கூட்டம் தொடங்குவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது. ஆப்கானிஸ்தானில் 229 மிஷனரிகளுக்குத் தண்டனை விதித்துவிட்டார்கள், நாளைக்குக் கொல்லப்போகிறார்கள், உடனே ஜெபியுங்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள். குறிப்பின் ஓரத்தில் பேனாவால் எழுதிச் சேர்த்துக்கொண்டேன். வாசித்ததும் அறை முழுக்க முழங்காலில் விழுந்தது. ஒரு வயதான அம்மா விம்மி அழுதார். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞன் தன் அலைபேசியை என் முன்னால் நீட்டினான். அதே வாசகம், அதே 229, அதே ‘நாளை’. அவனுக்கு வந்திருந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால்.

இந்த வதந்திக்குப் பின்னால் ஒரு நிஜம் இல்லாமல் இல்லை. 2007 ஜூலையில் தென் கொரியச் சபையொன்றிலிருந்து போன 23 பேரை ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள் பிடித்துவைத்தார்கள். இரண்டு பேரைக் கொன்றார்கள். மீதிப்பேர் ஆகஸ்ட் முடிவதற்குள் விடுதலையானார்கள். நிஜமாக நடந்த அந்தத் துயரத்தைப் பற்றிக் கேட்டால் பலருக்கும் தெரியாது. நடக்காத ‘நாளை’ மட்டும் வருடாவருடம் சுற்றி வருகிறது.

இது வாட்ஸ்அப் கொண்டுவந்த நோய் என்றும் நினைக்க வேண்டாம். 1974 டிசம்பரில் அமெரிக்க ஒலிபரப்பு ஆணையத்திடம் இரண்டு பேர் ஒரு மனு போட்டார்கள். கல்விக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளில் மத நிறுவனங்களுக்குப் புதிய உரிமம் கொடுப்பதை நிறுத்திவைத்து விசாரியுங்கள் என்பது மனு. 1975 ஆகஸ்ட் 1-ல் ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. அத்தோடு விஷயம் முடிந்தது. ஆனால் சபைகளில் பரவியது வேறு கதை: மேடலின் மரே ஓஹேர் என்ற நாத்திகர் எல்லாக் கிறிஸ்தவ நிகழ்ச்சிகளையும் தடைசெய்யக் கேட்டிருக்கிறாராம், கையெழுத்துப் போட்டு அனுப்புங்களாம். அந்த மனுவுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. லட்சலட்சமாகக் கடிதங்கள் குவிந்தன. வருடங்கள் ஓடின, 1995-ல் அந்த அம்மையார் கொலையும் செய்யப்பட்டார். அதற்குப் பிறகும் அவரைத் தடுத்து நிறுத்தக் கோரிக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன.

இப்போது நான் பார்ப்பது இவ்வளவுதான். ‘நாளை’, ‘இன்றிரவு’ என்று இருக்கிறதே தவிர தேதி இல்லையா? ஊர் பெயர் இல்லையா, அல்லது இருந்தும் வேறு எந்தச் செய்தி நிறுவனமும் அதைப் பேசவில்லையா? எல்லாருக்கும் அனுப்பச் சொல்கிறதா? இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே ஒதுக்கிவைத்துவிடுவேன். அதற்காக ஜெபத்தை நிறுத்த வேண்டியதில்லை. அந்த நாட்டில் மறைவாக இருக்கும் விசுவாசிகளுக்காக ஜெபிக்கப் பொய்யான எண் எதற்கு?

முதலில் தெரிந்தவர் முதலில் சொல்வதில் என்ன தவறு?

2 சாமுவேல் 18-ல் அகிமாஸின் கதையைப் படியுங்கள். யுத்தம் முடிந்தது, தாவீதின் மகன் அப்சலோம் செத்துவிட்டான். தாவீதிடம் சொல்லப் படைத்தலைவன் யோவாப் கூஷியை அனுப்புகிறான். நானும் ஓடுகிறேன் என்று அகிமாஸ் அடம்பிடிக்கிறான். கொண்டுபோக உன்னிடம் நல்ல செய்தி இல்லையே என்று யோவாப் தடுத்தும் கேட்கவில்லை. சமனான பூமிவழியாய் ஓடிக் கூஷியை முந்திவிடுகிறான். பிள்ளை சுகமாயிருக்கிறானா என்று தாவீது கேட்டதும், பெரிய சந்தடி இருந்ததைக் கண்டேன், இன்னதென்று தெரியாது என்கிறான். அந்தப்பக்கம் போய் நில் என்று தாவீது அவனை ஒதுக்கிவிடுகிறார். முந்தி ஓடியவனுக்குக் கிடைத்தது அதுதான்.

கிறிஸ்தவர்கள் தாக்கப்படும் செய்திகளை எப்படிப் பகிர்வது?

பகிர வேண்டும். கட்டப்பட்டிருக்கிறவர்களோடே கட்டப்பட்டவர்கள்போல அவர்களை நினைத்துக்கொள்ளச் சொல்கிறது எபிரெயர் 13:3. ஆனால் இரண்டு இடங்களில் கவனம் தேவை.

ஒன்று, எண்ணிக்கை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இலங்கையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், இவற்றோடு சில விடுதிகள் என்று அடுத்தடுத்துக் குண்டுவெடிப்பு. இறந்தவர்கள் 359 என்று அதிகாரிகளே அறிவித்தார்கள். சில நாளில் அதை 253 ஆகக் குறைத்தார்கள். உடல்கள் சிதறிப்போனதால் எண்ணுவதில் பிழை நேர்ந்திருந்தது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. முதல் நாள் எண்ணிக்கை எப்போதும் அப்படித்தான் இருக்கும். அதனால் முதல் சில நாட்களுக்கு எண்ணே போடாமல் ‘பலர்’ என்று எழுதுவது என் வழக்கம். ஜெபிக்கிறவர்களுக்கு அது போதும்.

இன்னொன்று, கோபம் எங்கே போகிறது என்பது. அந்தக் குண்டுவெடிப்புக்கு மூன்று வாரம் கழித்து, சிலாபத்தில் ஒரு முகநூல் வரியை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டதில் கலவரம் கிளம்பியது. வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. சமூக ஊடகங்களையே சிறிது காலம் முடக்கவேண்டி வந்தது. பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். நீங்கள் பகிரும் செய்தியை வாசிக்கிறவர் அடுத்தபடியாக யாரை வெறுக்கப்போகிறார் என்று அனுப்புமுன் ஒரு கணம் நினைத்துப்பாருங்கள்.

நம்மவர் அல்லாதவர்கள் செத்தால் குறிப்பில் இடம் உண்டா என்றும் ஒருவர் கேட்டார். உண்டு. நல்ல சமாரியன் உவமையில் குற்றுயிராகக் கிடந்தவன் எந்த ஜாதி, எந்த மதம் என்று இயேசு சொல்லவே இல்லை.

சபைத் தலைவர்களின் தவறுகளை ஊடகங்கள் பெரிதாக்குகின்றனவே? அதைப் பரப்பாமல் மூடிவைப்பதுதானே அன்பு?

தாவீதின் பாவத்தை முகத்துக்கு நேரே சொல்ல நாத்தானை அனுப்பியது கர்த்தர். அதைப் புத்தகத்தில் எழுதிவைத்து இன்றுவரை நம்மை வாசிக்கவைத்ததும் அவர்தான். மூடிவைப்பது அவருடைய வழக்கமாக எனக்குத் தெரியவில்லை.

2002 ஜனவரியில் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ், பிள்ளைகளைச் சீரழித்த குருக்களைப் பங்கு பங்காக மாற்றிக்கொண்டே போன விவரத்தை வெளியிட்டது. திருச்சபைக்கு எதிரான சதி என்று அப்போது குரல் எழுந்தது. அதே வருடம் டிசம்பரில் பாஸ்டன் பேராயர் கர்தினால் பெர்னார்ட் லா பதவி விலகினார். 2021 நவம்பரில் போப் பிரான்சிஸ் செய்தியாளர்களைப் பார்த்து, திருச்சபையில் நடக்கும் தவறுகளைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளிவிடாமல் இருக்க உதவியதற்கும், பாதிக்கப்பட்டவர்களுக்குக் குரல் கொடுத்ததற்கும் நன்றி சொன்னார். இடைப்பட்ட பத்தொன்பது வருடத்தில் மாறியது செய்தி இல்லை, அதைக் கேட்ட காதுகள்.

நிரூபணமாகாத குற்றச்சாட்டைத் தீர்ப்பாகப் பரப்புவது வேறு, அதையும் செய்யக்கூடாது. “தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான்” என்று நீதிமொழிகள் 18:17 எச்சரிப்பது இரண்டு தரப்புக்கும் பொருந்தும்.

ஆராதனையில் நடப்புச் செய்தி பேசலாமா? அரசியல் ஆகிவிடாதா?

எல் சல்வடோரில் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ என்ன செய்தார் என்று பாருங்கள். ஞாயிறு பிரசங்கத்தில் முதலில் அன்றைய வேதபகுதியை நிதானமாக விளக்குவார். அதற்குப் பிறகுதான் அந்த வாரத்தில் நடந்தவை வரும்: கொல்லப்பட்டவர்கள், காணாமல்போனவர்கள், பெயரோடு, இடத்தோடு. மறைமாவட்டத்தின் சட்ட உதவி அலுவலகம் திரட்டிய தகவல் அவர் கையில் இருக்கும். மறைமாவட்ட வானொலியில் நாடே கேட்டது. பத்திரிகைகள் எழுதாததை ஜனங்கள் ஆராதனையில் தெரிந்துகொண்டார்கள். 1980 மார்ச் 24-ல் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொன்றார்கள். 2018-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அரசியல் ஆகிவிட்டதா என்றால், ஆம், ஆகிவிட்டது. ஆனால் அவர் யாருக்கும் ஓட்டுக் கேட்கவில்லை. செத்தவனின் பெயரைச் சொன்னார். எந்தக் கட்சிக்காரன் செத்தாலும் பெயரைச் சொல்ல உங்கள் பீடம் தயாரா? அப்படியென்றால் பேசலாம்.

பிடிக்காத தலைவருக்காக எப்படி ஜெபிப்பது?

ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபம்பண்ணச் சொன்ன பவுலின் காலத்தில் ரோம அரியணையில் இருந்தவன் நீரோ. அவனைவிட உங்கள் ஊர்த் தலைவர் மோசமா? அவர் ஜெயிக்கவேண்டும் என்று ஜெபிக்க வேண்டியதில்லை. நியாயம் செய்யவேண்டும் என்று ஜெபியுங்கள்.

கிறிஸ்தவ ஊடகங்களை மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. உலக ஊடகங்கள் தொடாத சபைச் செய்திகளுக்கு அவை வேண்டும். ஆனால் தேர்தல், நோய்த்தொற்று, பொருளாதாரம் என்று வரும்போது ‘கிறிஸ்தவ’ என்ற அடைமொழி ஒரு செய்தியை உண்மையாக்கிவிடாது. பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள்.

செய்தி பார்த்தாலே மனம் கலங்கித் தூக்கம் வருவதில்லை. விசுவாசக் குறைவா?

இல்லை. ஒரு மனித இருதயம் எட்டு நாட்டுத் துக்கத்தை ஒரே இரவில் தாங்குவதற்குப் படைக்கப்படவில்லை. நீதிமானைப் பற்றி “துர்ச்செய்தியைக் கேட்கிறதினால் பயப்படான்” என்று சங்கீதம் 112 சொல்கிறது. கேட்கமாட்டான் என்று சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருப்பான் என்றும் சொல்லவில்லை.

எனக்கு உதவியது: பகலில் ஒரே ஒரு நேரம், எழுத்தில் மட்டும், காணொளி இல்லாமல். படுக்கையறைக்கு அலைபேசி போவதில்லை. ஒரு நாளைக்கு ஒரு செய்தியை மட்டும் தேர்ந்து அதற்காக ஜெபிப்பது. அப்போஸ்தலர் 11-ல் பஞ்சம் வரும் என்று அகபு சொன்னபோது அந்தியோகியாவின் சீஷர்கள் செய்ததையும் பாருங்கள். இது வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் எந்த முத்திரை, எந்த எக்காளம் என்பதுபோல அவர்கள் ஆராய உட்காரவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து அனுப்பினார்கள். கையால் ஏதாவது செய்தால் கலக்கம் கொஞ்சம் இறங்குவதை நானே கண்டிருக்கிறேன்.

தவறான செய்தியை ஏற்கெனவே பலருக்கு அனுப்பிவிட்டேன். இனி என்ன செய்வது?

பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பதைச் சிலர் எட்டாம் கட்டளை என்பார்கள், சிலர் ஒன்பதாம் கட்டளை என்பார்கள். எண்ணில்தான் வேறுபாடு. தெரியாமல் அனுப்பினேன் என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் உங்கள் பெயரைப் பார்த்துத்தானே அவர்கள் நம்பினார்கள்? சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். எந்தக் குழுவுக்கு அனுப்பினீர்களோ அதே குழுவில், “நான் அனுப்பிய இந்தச் செய்தி தவறு, இன்ன காரணத்தால் தவறு, விசாரிக்காமல் அனுப்பிவிட்டேன்” என்று எழுதுங்கள். வேறு யாருக்கு அனுப்பினீர்கள் என்று அவர்களையும் கேளுங்கள்.

அந்த 229 மிஷனரிகள் செய்தியை வாசித்ததற்கு அடுத்த வாரம், அது தவறு என்று சொல்ல நானும் எழுந்து நின்றேன். முதல் வரியைச் சொல்வதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. அழுத அந்த அம்மாவிடம் கூட்டம் முடிந்து தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். “அப்போ யாரும் சாகலையா?” என்று கேட்டார். “இல்லைம்மா, அந்தச் செய்தி பொய்.” “ஸ்தோத்திரம்” என்றார், முகமெல்லாம் மலர்ந்து. பிறகு என் கையிலிருந்த குறிப்பை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இதுல எதெல்லாம் நிஜம்னு பாத்துட்டியா?” என்று கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் எந்தத் தேதியில் எங்கே வந்தது என்று எழுதிக்கொடுக்கிறேன்.